எந்தப் பாடம் என்று சொல்லாத கணக்கு

ஸ்டீபா,

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் நீ மன்னிப்பு எழுதிக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கேட்டுக்குள் கால் வைக்க வேண்டாம் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டதாக நேற்றுச் சாயங்காலம் போனில் சொன்னாய். "காரணமில்லாமல், கவனக்குறைவாக மெஷினை நிறுத்தினேன், இனிமேல் இப்படி நடக்காது" என்று. அவ்வளவுதான், நாலு வரி. அப்பா என் கையிலிருந்து போனை வாங்கி, முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீ என்னம்மா சொல்ற?" என்று என்னைக் கேட்டாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ லேசாகச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். யாராவது திடீரென்று என்னை ஒன்று கேட்டால் எனக்கு வாயில் வார்த்தை வராது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் மீட்டிங்கில்கூட நான் சொல்ல நினைத்தது, எல்லோரும் டீ குடித்துவிட்டு எழுந்து போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வரும். எழுதினால்தான் நான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. இன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அப்பா ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போய்விட்டார். வெளியே மழை விடவில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். உன் அறையில் இருக்கும் மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை, மறைக்க இதில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு உனக்கு வந்தது நாளைக்கு அவர்களில் ஒருவருக்கும் வரும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். தகடு வளைக்கும் அந்தப் பிரஸ் மெஷினில் நீ பயிற்சிக்கு நிற்கிறாய். மேலிருந்து ஒரு கனத்த இரும்பு இறங்கித் தகட்டை அழுத்திவிட்டு மறுபடி மேலே போய் நிற்கும். அது நின்ற பிறகு கையை உள்ளே விட்டு, வளைந்த தகட்டை எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வைக்க வேண்டும். வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல், மேலே போய் நின்ற இரும்பு தானாக ஒரு விரல் அகலம் கீழே இறங்கியதைப் பார்த்தாய். கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தாய். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இறங்கியது. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாய். அதோடு சேர்ந்து அந்த வரிசை முழுக்க நின்றுபோனது. மெக்கானிக் வந்து சும்மா ஓட்டிப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்றார். ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் உன்னிடம் வந்து, "ஏனுங்க தம்பி, நீங்க எஞ்சினியருங்களா? எங்களுக்குத் தெரியாமப் போச்சுங்களே. உக்கார ஒரு சேர் கொண்டாரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாராம். நீ அவர் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினாய். இத்தனை மரியாதையாக ஒருவரை அவமானப்படுத்த முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. நம் பக்கத்தில் திட்டினால் திட்டுவது மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை உன்னை மெஷின் பக்கமே விடவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நீ போனை வைத்த பிறகு வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்பாவிடம் கேட்டேன், பையன் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படி எழுதுவான் என்று. "நாலு வரில என்ன கொறஞ்சு போகுது. அவன் எழுதப் போறது கையில, மனசுலயா எழுதப் போறான்?" என்றார். அவர் சட்டை போட்டுக்கொண்டு கடைப் பக்கம் கிளம்பினார். வழக்கமாக நான் அத்தோடு நிறுத்திவிடுவேன். நேற்று நிறுத்தவில்லை. "அன்னைக்கு ஸ்டோர்ல அவன் வாயப் பொத்திட்டு நின்னிருந்தா இன்னைக்கு நீங்க இந்தச் சட்டையப் போட்டிருப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் வாசலில் நின்றுவிட்டார். செருப்பைப் போட்டபடியே, "அது நம்ம எடம். இது கம்பெனி" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. கோபப்படுகிறார் என்று நினைத்தேன், பிறகுதான் தெரிந்தது, பயப்படுகிறார். ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருஷம் நீ வீட்டில் இருந்தபோது, அவர் ஒருநாள்கூட உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் இடம் கிடைத்த அன்றைக்கு ஸ்டோரில் இருந்த எல்லோருக்கும் பரிப்பு வடை வாங்கிக் கொடுத்தார். அது உனக்குத் தெரியாது. அவரை நினைக்கும்போது எனக்கும் எழுதிக் கொடுத்துவிடு என்று சொல்லத் தோன்றுகிறது. அதனால் இந்தக் கடிதத்தில் நான் ஒரு பக்கமாக நின்று பேசுகிறேன் என்று நினைக்காதே. எனக்கே இன்னும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, அதிலிருந்துதான் என்னால் யோசிக்க முடியும். எங்கள் எஸ்டேட் லயத்தில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். பத்துக்குப் பத்து அறையில், பக்கத்து வீட்டு ரேடியோச் சத்தத்துக்கு நடுவில், கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை வரிவரியாக மனப்பாடம் செய்துதான் முடித்தேன். புரிந்துகொண்டு படித்தேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆறாம் வகுப்பில் பாடம் எடுக்கும்போது, புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் உடனே ஒன்று கேட்பார்கள், கவனித்திருக்கிறேன். "டீச்சர், இது எந்தப் பாடம்?" என்பார்கள். பெருக்கலா வகுத்தலா என்று தெரிந்துவிட்டால் போதும், மளமளவென்று போட்டுவிடுவார்கள். எந்தப் பாடம் என்று நான் சொல்லாவிட்டால் பாதிப் பேர் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். மீதிப் பேர் கடைசியாக நடத்திய பாடம் எதுவோ அதில் கொண்டு போய்ப் போடுவார்கள். நீயும் என் வகுப்பில்தான் படித்தாய். ஒரு ஜீப்பில் பத்துப் பேர் போகலாம், முப்பத்தைந்து பேர் போக எத்தனை ஜீப் வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். வகுப்பே மூன்றரை என்றது. நீ மட்டும், "ரெண்டு போதும் டீச்சர், காயெடுக்கப் போறவங்க மடியில உக்காந்துக்குவாங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் உனக்குத் தப்புப் போட்டேன். மூன்றரை ஜீப் எப்படி ஓடும் என்று அவர்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வகுப்பில் ஜீப்பை ஜீப்பாகப் பார்த்தவன் நீ ஒருவன்தான்.

ஸ்டோரில் நடந்ததை நீ எப்போதும் இரண்டே வரியில் முடித்துவிடுவாய். அப்பா டீக்கடையில் சொல்லும்போது அதில் கொஞ்சம் சினிமாவும் சேர்ந்துவிடுகிறது. நான் பார்த்ததை எழுதுகிறேன், நீ அப்போது என்ன செய்தாய் என்பதை ஒரு தடவை வெளியிலிருந்து பார். நீ பிளஸ் டூ படித்த வருஷம், ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த சமயம். பெருமழை என்று பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்தார்கள். முந்தின நாள்தான் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. காலையிலிருந்து பாலில்லாத கட்டன் காப்பியைத் தவிர எதுவும் இறங்கவில்லை என்று அவர் சொல்லி அனுப்பியதால், தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் ஸ்டோருக்குப் போனோம். பச்சைக்காயை உலர்த்தும் அறைக்கு வெளியே அடுப்பு எரியும், அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் போகும். அதையொட்டிய அறையில்தான் உலர்ந்த காயைப் பெண்கள் பிரிப்பார்கள். உலர்ந்த காயில் ஈரக்காற்றுப் பட்டால் நமத்துப் பச்சை மங்கிவிடும், அதனால் மழை நாளில் அந்த அறையின் கதவை மூடி, ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கை அடைத்துவிடுவார்கள். நம் பக்கத்தில் எந்த ஸ்டோரிலும் அப்படித்தான். அதை ஒரு தப்பு என்று யாரும் நினைத்ததில்லை.

நாம் போனபோது இரண்டு பெண்கள் வாந்தி எடுத்துவிட்டுச் சுவரோரமாகப் படுத்திருந்தார்கள். இன்னொருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா காய் மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கூப்பிட்டால் பதில் சொன்னார், ஆனால் சம்பந்தமில்லாமல் சொன்னார். பல் வலி மண்டைக்கு ஏறிவிட்டது என்றார். மத்தியானம், வெளியே காய் கழுவும் ரோசிலி அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த கப்பை எனும் மரவள்ளிக்கிழங்கைத்தான் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள். விஷக்கட்டு உள்ள கப்பை சரியாக வேகாவிட்டால் தலை சுற்றும், வாந்தி வரும், ஆளையே கொல்லும் என்பது மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால் சூப்பர்வைசர் பேபிச்சன் சார் வந்து பார்த்ததுமே கப்பைதான் என்று முடிவு செய்துவிட்டார். ரோசிலி அக்கா அழுதுகொண்டே, "நான் ரெண்டு தண்ணி மாத்தித்தான் வேக வச்சேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஜீப்புக்குப் போன் போட்டார்கள். ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, வெட்டி எடுத்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அதுவரை என்ன செய்வது? விஷம் வெளியே வர உப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். உடம்பு நடுங்கியதால் கம்பளியைப் போர்த்தினார்கள். குளிர்காற்று வராமல் இருக்க, நாம் வந்தபோது திறந்த கதவை மறுபடி இழுத்து மூடினார்கள். எல்லோரும் ஓடி ஓடிச் செய்தார்கள். யாரும் சும்மா நிற்கவில்லை, நீ ஒருவன் மட்டும்தான் நின்றாய்.

நடு அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒவ்வொருவராகப் பார்த்தாய். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பன் கிடக்கிறான், மகன் வேடிக்கை பார்க்கிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை. "கப்பை யார் யார் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாய். பேபிச்சன் சாருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "மோனே, நீ ஒண்ணு சும்மா இரு. இது பரீட்சை ஹால் இல்ல" என்றார். நீ கதவைத் திறந்து, வெளியே சாய்ப்புக் கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்த செல்லத்துரை அண்ணனிடம் கேட்டாய். "ரெண்டு வாட்டி வாங்கித் தின்னேன் மாப்ள. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் அவர். காப்பியும் குடித்தாரா என்று கேட்டாய். குடித்தேன் என்றார். நீ உள்ளே திரும்பி வந்து, யாரிடமும் என்றில்லாமல் சொன்னாய்: "அப்பா கப்பை சாப்பிடவே இல்லையே."

தூக்குவாளியில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் எதுவும் சாப்பிடவில்லை என்பது எனக்கும் தெரியும், அதற்காகத்தானே வந்தேன். ஆனால் கப்பை என்று ஒருவர் சொன்னதும் என் மனதும் அதை ஏற்றுக்கொண்டு, அப்பாவுக்கு மட்டும் பல் வலி என்று தனியாக ஒரு காரணத்தை வைத்துக்கொண்டது. பொருந்தாததைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டால் மீதி எல்லாம் அழகாகப் பொருந்திவிடுகிறது, ஸ்டீபா. நீ அதை ஒதுக்கவில்லை. உடனே பதிலும் உனக்குத் தெரிந்துவிடவில்லை, அதையும் நீ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் நீ சொன்னது தப்பு. இந்தச் சாக்கெல்லாம் மருந்தடிக்கிற கொட்டகையில் கிடந்ததா, பூச்சி மருந்தா என்று கேட்டாய். ரோசிலி அக்கா இல்லை, புதுச் சாக்கு, நேற்றுத்தான் வந்தது என்றார். அப்படின்னா அது இல்லை என்று அந்த இடத்திலேயே விட்டுவிட்டாய். உன் முகம் கோணவில்லை. நானாக இருந்தால் ஒரு தடவை தப்பாகச் சொன்ன பிறகு அந்தக் கூட்டத்தில் மறுபடி வாயே திறந்திருக்க மாட்டேன்.

நான் படுத்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேரில் உலர்த்தும் அறையின் சுவரை ஒட்டி இருந்தவர்கள் மோசமாக இருந்தார்கள். கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டாலும் பேசினாள். அதைப் பார்த்தேனே தவிர, சொல்ல வேண்டிய ஒன்று என்று தோன்றவில்லை. எனக்கும் நெற்றிப் பொட்டில் வலிக்க ஆரம்பித்திருந்தது. பதற்றம் என்று நினைத்து, தலை வலிக்குதுடா என்று மெதுவாக உன்னிடம் சொன்னேன். நீ சட்டென்று திரும்பினாய். "எப்பருந்தும்மா?" என்றாய். உள்ளே வந்ததிலிருந்து என்றேன். நான் எதுவும் சாப்பிடாதவள். வெளியில் இருந்து வந்தவள். அந்தச் சுவர் விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன். நீ ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "சாப்பாட்டுல இல்ல, இந்த ரூம்லதான் என்னவோ இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் இடுக்கிலிருந்த சாக்கைப் பிடுங்க ஆரம்பித்தாய். பேபிச்சன் சார் உன் கையைப் பிடித்தார். அறையில் ஒரு வாரத்துக் காய் பரப்பியிருந்தது. காய் மொத்தமும் போய்விடும், முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்று கத்தினார். "காய் போனா போகட்டும் சார். நீங்க கால் பக்கம் பிடிங்க" என்று அப்பாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாய். அவர் ஏன் பிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, பிடித்தார். செல்லத்துரை அண்ணன் மற்றவர்களைத் தூக்கினார். மழையில், சாய்ப்புக்கு வெளியே, சேற்றில் எல்லோரையும் கிடத்தினோம். அந்தப் பெண்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள். அப்பா எழவில்லை. முகத்தில் மழை விழுந்துகொண்டே இருந்தது, அவர் கண்ணைத் திறக்கவில்லை. ரோசிலி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உன் முடிவும் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் நினைத்தேன். நீயும் நினைத்திருப்பாய், அப்பாவின் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தாய். ஜீப் வந்து, அவரை ஏற்றி, பாதி மலை இறங்கிய பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

குழாய் இணைப்பு ஒன்று விரிசல் விட்டு, அடுப்புக் கங்கிலிருந்து வந்த வாயு சுவர் இடுக்கு வழியாக அந்த அறைக்குள் இறங்கியிருக்கிறது. புகையாக இருந்திருந்தால் கண் எரிந்திருக்கும். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. டாக்டர் அதன் பெயரைச் சொன்னபோது எனக்குக் கூச்சமாகிவிட்டது. அதே வாயுவைப் பற்றி நான் டிகிரி பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். காற்றுப் போதாத இடத்தில் எரியும் கரியிலிருந்து வருவது, நிறமற்றது, மணமற்றது, எல்லாம் வரிசையாக எழுதினேன். அதற்குள்ளேயே நின்று மூச்சுவிட்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. உனக்கு அந்தப் பெயரே தெரியாது. பெயர் தெரியாமலே ஜன்னலைத் திறந்தாய். படிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை, டாக்டருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்ததால்தான் அப்பாவுக்குச் சரியான வைத்தியம் கிடைத்தது. தெரிந்த விஷயம் வேண்டிய நேரத்தில் கைக்கு வர, அதற்கு முன்னால் வேறு சில குணங்கள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லோரும் ஓடும்போது நிற்பது. ஒத்துவராத ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்வது. தப்பு என்று தெரிந்ததும் சொன்னதை விட்டுவிடுவது. பக்கத்தில் இருப்பவர் முனகுவதைக்கூடக் காது கொடுத்துக் கேட்பது. இதற்கெல்லாம் மார்க் போட எங்கள் மார்க் ஷீட்டில் கட்டம் கிடையாது. இப்போது வாரத்தில் ஒருநாள், எந்தப் பாடம் என்று சொல்லாமல் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அந்த மௌனம் பிள்ளைகளைவிட எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை முதல் கேள்வியைக் கேட்கும்வரை என் நாக்கின் நுனியில் பதில் நின்று அரிக்கும். போர்ஷன் முடிக்கவில்லை என்று ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். தினக்கூலி டீச்சருக்கு மூன்றாவது தடவை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நிறுத்தவில்லை.

ஆனால் அன்றைக்கு நீ சரியாகச் சொன்னாய் என்பதற்காக வியாழக்கிழமையும் நீ சரி என்று நான் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீயும் எடுத்துக்கொள்ளாதே. ஒரு தடவை எல்லோரும் தப்பாக இருந்து நாம் மட்டும் சரியாக இருந்துவிட்டால், அடுத்த தடவையும் நம்மை யாராவது எதிர்த்தாலே நாம் சரி என்று தோன்ற ஆரம்பித்துவிடும். ஃபோர்மேனை ஒரு நிமிஷம் அவர் இடத்தில் வைத்துப் பார். அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார், ஓட்டிப் பார்க்கச் சொன்னார், ஒன்றும் இல்லை என்ற பதில் கிடைத்தது. அவருக்கு மேலே ஒருவர் இருப்பார், ஷிப்டு ஏன் நின்றது என்று அவர் கேட்பார். உன் நாலு வரியை அவர் மேலே காட்ட வேண்டியிருக்கலாம். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் பேபிச்சன் சார் கெட்டவரா? அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு முதலில் வீட்டுக்கு வந்தது அவர்தான்.

அதனால் உன்னிடம் சில கேள்விகள் கேட்கிறேன். இரும்பு இறங்கியதாக நீ சொன்ன இரண்டு தடவையும் மெஷின் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது? மத்தியானத்துக்கு மேல் என்றாய். சூடேறிய பிறகு மட்டும் வருகிற கோளாறாக இருக்குமா? மெக்கானிக் பார்த்தபோது அது ஆறிப்போயிருந்ததா? அவர் சும்மா ஓட்டிப் பார்த்தார் என்றால் தகடு இல்லாமலா, தகடு வைத்தா? அடுத்த ஷிப்டில் அதே மெஷினில் நிற்பவர் இந்த மாதிரி எதையாவது பார்த்தாரா? அவரிடம் நீ கேட்டாயா, அல்லது கோபத்தில் நேராக அறைக்கு வந்துவிட்டாயா? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு நீ பார்த்தது தப்பு என்று உனக்கே தோன்றினால், தப்பு என்று எழுதிக் கொடு, அதில் ஒரு கேவலமும் இல்லை. தோன்றாவிட்டால், பார்த்ததை மட்டும் எழுது. எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, எவ்வளவு தூரம் இறங்கியது என்று. காரணமில்லாமல் என்ற ஒரு வார்த்தையை மட்டும் எழுதாதே. அதற்கு அவர் உன்னை அனுப்பினால் வீட்டுக்கு வா. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இந்த வரியை அடித்துவிடாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தேன். மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அடுத்த ஷிப்டில் நிற்பவர் என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் என் கண் நின்றுவிட்டது. உன்னை அறைக்கு அனுப்பிவிட்டார்கள். மெஷினில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று முழுக்க ஓடியிருக்கிறது. இப்போதும் ஓடும். நேற்றிலிருந்து அப்பா உன் வேலையைப் பற்றிப் பேசினார், நான் நியாயத்தைப் பற்றிப் பேசினேன், நீ அவமானத்தைப் பற்றிப் பேசினாய். மூன்று பேரும் உன்னை மட்டுமே நடுவில் வைத்துக்கொண்டு சுற்றிவந்திருக்கிறோம். உன் இடத்தில் இப்போது யாரை நிறுத்தியிருக்கிறார்கள், ஸ்டீபா? அவர் கையை உள்ளே விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருப்பார். அந்த இரும்பு தானாக இறங்கும் என்று அவரிடம் யாராவது சொன்னார்களா? வடக்கிலிருந்து வந்தவராக இருந்தால், அவருக்குத் தமிழோ மலையாளமோ தெரியுமா?

திங்கட்கிழமை உன் பிரச்சினை, அது திங்கட்கிழமை வரட்டும். நான் சொன்ன கேள்விகளும் அதற்குப் பிறகு. நீ தப்பாகப் பார்த்திருந்தால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். சரியாகப் பார்த்திருந்தால், மத்தியானத்துக்கு மேல்தான் அது இறங்கும். இப்போது மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. கேட்டுக்குள் விட மாட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் டீ குடிக்க வெளியே வருவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய், அங்கே போய் நில். அவரைக் கண்டுபிடி. மொழி வராவிட்டால் உன் கையை நீட்டி, மேலே இன்னொரு கையை வைத்து, இறங்குவதைச் செய்து காட்டு. எடுக்க ஒரு இடுக்கியோ கம்பியோ பிடித்துக்கொள்ளச் சொல், கையை மட்டும் உள்ளே விட வேண்டாம் என்று சொல். ஃபோர்மேன் பார்த்துத் திட்டினால் திட்டட்டும்.

பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்ப நேரமில்லை, அதைச் சாயங்காலம் அனுப்புகிறேன். பேனாவை வைத்துவிட்டு உனக்குப் போன் போடப் போகிறேன். இந்தத் தடவை சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். எடு.

அம்மா